ஐந்து ஸ்பீக்கருக்கு நடுவில் ஒரு நாற்காலி

எனக்குச் சக்களத்தி யாரும் இருந்ததில்லை. ஆனால் ஒரு கறுப்புப் பெட்டியை நினைத்து ஆறு வருஷம் வயிறு எரிந்திருக்கிறேன். அந்தப் பெட்டி எங்கள் வீட்டில்கூட இல்லை. திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்த தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, என் வீட்டுக்காரருடைய சிநேகிதர் வீட்டு ஹாலில் இருந்தது.

வீட்டுக்காரருக்குத் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. நான் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். அவர் பிறந்தது குஜிலியம்பாறைப் பக்கம். சிநேகிதரும் அதே ஊர், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. படிப்பு ஏறாமல் திண்டுக்கல்லுக்கு வந்து வெங்காய மண்டி வைத்தவர், நாங்கள் வாடகை வீடு மாறிக்கொண்டிருந்த காலத்திலேயே சொந்த வீடு கட்டிவிட்டார். அதற்கெல்லாம் நான் பொறாமைப்படவில்லை என்று சொன்னால் பொய். பட்டேன். ஆனால் அது சாதாரணப் பொறாமை. மொட்டை மாடியில் வத்தல் காயப்போடும்போது அவர்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கண்ணில் பட்டால் வரும், இறங்கி வந்தால் போய்விடும்.

போகாத பொறாமை தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் வந்தது. சிங்கப்பூரிலிருந்த சிநேகிதரின் தம்பி லீவுக்கு வரும்போது ஹோம் தியேட்டர் கொண்டுவந்தார். ஐந்து ஸ்பீக்கர், அடியில் இருந்து உறுமுவதற்கு ஒரு பெரிய பெட்டி, எல்லாவற்றையும் ஆட்டிவைக்க ரிசீவர் என்கிற கறுப்பு இயந்திரம். படத்தின் சத்தத்தை வாங்கி எந்த ஸ்பீக்கருக்கு எது போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது அதுதானாம். இதையெல்லாம் நான் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அந்த வாரத்திலிருந்து அவருடைய சாயங்காலம் போய்விட்டது. ஆபீஸ் விட்டு வருவார், வண்டியை நிறுத்துவார், கைலிக்கு மாறுவார், நான் போட்ட டீயை நின்றபடியே இரண்டு மடக்கில் முடிப்பார், செருப்பை மாட்டுவார். "செத்த நேரம் போயிட்டு வாரேன்." அந்தச் செத்த நேரம் ஒன்பது மணிக்கு முடியும். வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "என்ன வெஞ்சனம்?" என்று கேட்பார். அன்றைக்கு எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் அப்படி இல்லை. சாயங்காலம் நான் நோட்டுத் திருத்துவேன், அவர் எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொடுத்தபடி ஆபீஸ் கதை சொல்வார். சர்ட்டிபிகேட்டுக்கு வந்தவர் என்ன கதை விட்டார், அதிகாரி எப்படிச் செருமினார், ஒரே நிலத்துக்கு வந்து சண்டை போட்ட இரண்டு பங்காளிகள் எப்படி ஒரே பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார்கள். குரலை மாற்றி மாற்றிச் சொல்வார். நான் சிரித்த சிரிப்பில் சிவப்பு மை கோணல்மாணலாகப் போய், பிள்ளைகள் நோட்டில் சரியான விடைக்குத் தப்புப் போட்டதும் உண்டு. எனக்கு இந்த மனிதரிடம் பிடித்ததே அந்த ஒரு மணி நேரம்தான். அதைத்தான் அந்தப் பெட்டி கொண்டுபோனது.

மகள் வீட்டில் இருந்தவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டேன். அவள் நர்சிங் படிக்கத் திருச்சி ஹாஸ்டலுக்குப் போன பிறகு முடியவில்லை. ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கும்போது வீட்டில் நானும் நோட்டுக்கட்டும்தான். சிநேகிதரைக் கரித்துக்கொட்டினேன். அவர் தம்பியைக் கரித்துக்கொட்டினேன். சிநேகிதரின் மனைவியையும் விடவில்லை. காரணம் என் வீட்டுக்காரர்தான். "அந்த வீட்டம்மா ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. டீய வச்சிட்டுப் போயிட்டே இருப்பாங்க" என்று என்னிடமே வந்து மெச்சினால் எனக்கு எப்படி இருக்கும்?

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அப்படி என்னதான் இருக்கு அந்தச் சத்தத்துல?"

"அதெல்லாம் சொன்னாப் புரியாது" என்றார்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் புரியவைக்கிறவள் நான். எனக்குப் புரியாதாம்.

"நாமளும் ஒண்ணு வாங்கிட்டா?"

"புதுசு வாங்க நம்மால ஏலாது. ரீகண்டிஷன்ல வருதுன்னு சொல்றாங்க. ஆனா நமக்கு எதுக்கு? அதான் அவன் வீட்டுல இருக்கே."

கடைசியில் சொன்ன அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. வளையலுக்கென்று போட்டுவந்த சீட்டை எடுத்தேன். சிநேகிதர் வீட்டில் இருக்கிறதைவிட ஒரு படி மேலாக ஒன்று வாங்கி எங்கள் ஹாலில் வைத்துவிட்டால் இந்த மனிதர் செருப்பை மாட்டுவதற்குக் காரணமே இருக்காது. இதுதான் என் கணக்கு. கணக்கில் எங்கே தப்பு என்று அப்போது தெரியவில்லை.

ஒரு படி மேலே வாங்க வேண்டுமானால் முதலில் அந்தப் படி எது என்று தெரிய வேண்டும். ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆண்கள் இருவரும் வெளியே போயிருக்கிற நேரமாகப் பார்த்து, எப்போதோ பலகாரம் கொடுத்தனுப்பிய தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் சிநேகிதர் வீட்டுக்குப் போனேன். வெறும் வாளியைக் கொடுக்கக் கூடாது என்று நாலு முறுக்குப் போட்டுக்கொண்டேன்.

"வாங்க டீச்சர்" என்று சிநேகிதரின் மனைவி கதவைத் திறந்தார். ஒல்லியான பெண், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ஹாலில் ஜன்னலெல்லாம் திரை போட்டு மூடியிருந்தது. திரையைத் திறந்தால் சத்தம் எதிரொலிக்குமாம், அதனால் எப்போதும் மூடியே வைக்கச் சொல்லியிருந்தார்களாம். பட்டப்பகலில் லைட்டைப் போட்டார்.

பெட்டி டிவிக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது. இதற்கா ஆறு வருஷம் என்று இருந்தது. அவர் முந்தானையால் அதன் தலையைத் துடைத்தார்.

"பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒண்ணு வாங்கணும்ங்கிறாங்க. பின்னால என்ன எழுதியிருக்குன்னு பாக்கலாமா?" என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன்.

நம்பினாரோ என்னவோ, உள்ளே போய் டார்ச் எடுத்துவந்து அவரே பிடித்துக்கொண்டார். நான் தரையில் முழங்கால் போட்டு, சேலையெல்லாம் ஒட்டடையாகப் பெட்டிக்குப் பின்னால் தலையை விட்டேன். மாடல் எண், எத்தனை வோல்ட், எத்தனை ஸ்பீக்கர் மாட்டலாம் என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். "முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு, டிவி மேல ஒண்ணு. இந்தக் குண்டுப் பெட்டி உறுமுறதுக்கு" என்று அவர் பின்னாலிருந்து சொல்லிக்கொடுத்தார். ஒரு வார்த்தை பேசாத வீட்டம்மா.

எழுந்து தூசு தட்டும்போதுதான் நாற்காலியைப் பார்த்தேன். ஹாலுக்கு நட்டநடுவில் ஒரு பிரம்பு நாற்காலி, மெத்தை போட்டது. மற்ற இரண்டும் சுவரோரம் கிடந்தன.

"அது அண்ணன் சேரு" என்றார். என் வீட்டுக்காரரைத்தான் அண்ணன் என்பார். "அங்கன உக்காந்தாத்தான் அஞ்சு ஸ்பீக்கரும் ஒண்ணாக் காதுல விழுமாம். செத்தத் தள்ளி உக்காந்தாக்கூட ஒரு பக்கமாப் போயிருமாம்."

"அப்ப உங்க வீட்டுக்காரரு?"

"அவரு ஓரமா உக்காந்துக்குவாரு. வீட்டுக்கு வந்தவங்களுக்குத்தான நல்ல எடம் குடுக்கணும்."

"நீங்க உக்காந்து கேட்டிருக்கீங்களா?"

"நானா?" என்று சிரித்தார். "எனக்கு அடுப்படியில இருந்தே கேக்கும் டீச்சர்."

அந்த மெத்தையில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது. எங்கள் வீட்டில் அவர் உட்காருவது மடக்கு இரும்பு நாற்காலி. அதில் எந்தப் பள்ளமும் விழாது. அந்தப் பள்ளத்தைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்தில் முறுக்கைக்கூடச் சரியாகக் கொடுக்காமல், வாளியை அவர் கையில் திணித்துவிட்டு வந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் அந்தக் கடை இருந்தது. கடைக்காரர் என்னைவிட இளையவர், பேச்சு மட்டும் கல்யாணத் தரகர் பேச்சு.

"ரீகண்டிஷன்னு சொல்லாதீங்க டீச்சர். ரீஃபர்பிஷ்டு. வாங்குனவங்க திருப்பிக் குடுத்தத கம்பெனியே தொறந்து, கெட்டத மாத்தி, செக் பண்ணி, மறுபடி டப்பா போட்டு அனுப்புறது. புதுசு மாதிரிதான்."

"எதுக்குத் திருப்பிக் குடுத்தாங்க?"

"அது, அவங்களுக்கு வேற மாடல் பிடிச்சிருக்கும்."

"இதுல என்ன குறைன்னு வேற மாடல் பிடிச்சுச்சு?"

இரண்டாம் தாரமாகப் பெண் கொடுக்கிறவர்கள் விசாரிப்பதுபோல் துருவித் துருவி விசாரித்தேன். அவருக்குப் பாதி தெரியவில்லை. தெரியாத இடத்திலெல்லாம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒரு வீட்டில் இருந்து வேண்டாம் என்று வெளியே வந்த பெட்டியை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், காரணம் தெரியாமல் எப்படி விடுவது?

முதலில் ஒன்றைக் காட்டினார். வெள்ளி நிறம், முகமெல்லாம் நீல விளக்கு. பார்த்தவுடன் மனசு அதில் போய் விழுந்தது. அந்த வெங்காய மண்டி வீட்டில் இத்தனை விளக்கு இல்லை. ஆனால் திருப்பிப் பார்த்தால் பின்னால் நூற்றிருபது வோல்ட் என்று இருந்தது. என் உள்ளங்கைக் கணக்கில் இருநூற்று முப்பது. "அமெரிக்கா பீஸ் டீச்சர், நடுவுல ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போட்டுக்கலாம்" என்றார். என் வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். முதல் நாள் இருக்கிற அவசரத்தில் நேரே சுவரில் சொருகி, நீல விளக்கோடு சேர்த்து வீட்டு பியூசையும் வழியனுப்பிவைப்பார். வேண்டாம் என்றேன். அந்த நீல விளக்குகளை விட்டுவிட எனக்கு மனசே வரவில்லை.

அடுத்தது ஏழு ஸ்பீக்கர் மாட்டுகிற ரகம். ஐந்துக்கு மேலே ஏழு. நான் தேடிவந்த ஒரு படி இதோ, இரண்டு படியாகவே நிற்கிறது. ஆனாலும் டீச்சர் புத்தி விடவில்லை. ஒரே ஒரு ஸ்பீக்கரை எடுக்கச் சொல்லி, பின்னால் ஒயர் சொருகுகிற ஒவ்வொரு வாயிலும் மாட்டி மாட்டிக் காட்டச் சொன்னேன். அலுத்துக்கொண்டே காட்டினார். ஆறு வாய் பேசியது. பின்பக்கத்து வலது வாய் பேசவே இல்லை.

"ஏழுல ஒண்ணு போனா என்ன டீச்சர்? ஆறு வேலை செய்யுதுல்ல. அவங்க வீட்டவிட ஒண்ணு கூடத்தான்" என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு என்றுதான் அவரிடமும் சொல்லியிருந்தேன். அவங்க வீடு என்று ஒன்று இருப்பதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்ததோ என்னவோ. அந்தக் கணக்கும் என்னைக் கொஞ்ச நேரம் ஆட்டியது. ஆறு என்பது ஐந்தைவிடப் பெரியதுதான். ஒரு பக்கம் ஊமையான பெட்டியை வைத்துக்கொண்டு நான் சிநேகிதர் வீட்டை ஜெயித்ததாக நினைத்துக்கொள்ளலாமா என்று அந்த மாடியில் நின்று உண்மையாகவே யோசித்தேன்.

மூன்றாவது, மூலையில் கிடந்த கறுப்புப் பெட்டி. சிநேகிதர் வீட்டுப் பெட்டியின் அதே கம்பெனி, அதற்கு அடுத்த மாடல். தூக்கினால் கை கடுத்தது. திருகாணிகளில் கண்ட இடத்தில் கீறியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பின்பக்க வாய்களில் துரு இல்லை. மூக்கை வைத்து மோந்தும் பார்த்தேன், கருகிய வாடை இல்லை. சத்தம் கூட்டுகிற திருகை மெல்லத் திருகச் சொன்னேன், கரகரக்கவில்லை. ஐந்து வாயும் பேசியது. வோல்ட்டும் நம் ஊர் வோல்ட். ரிமோட்டில் மட்டும் ஒரே ஒரு பொத்தானின் எழுத்து தேய்ந்து அழிந்து போயிருந்தது. எந்தப் பொத்தான் என்று கேட்டேன். சத்தத்தை ஒரேயடியாக அமுக்குகிற பொத்தான் என்றார். எந்த ஊரோ, எந்தப் பெண்ணோ, அழுத்தி அழுத்தித் தேய்த்திருக்கிறாள். எனக்கு அந்தப் பெட்டியைப் பிடித்துப்போய்விட்டது.

ஸ்பீக்கர், டிவிடி பிளேயர் எல்லாம் சேர்த்து, வீட்டுக்காரர் ஆபீசில் இருக்கிற நேரத்தில் ஆட்டோவில் கொண்டுவந்து மாட்டிக்கொடுத்தார்கள். பின் ஸ்பீக்கர் இரண்டில் ஒன்று அடுப்படி வாசலுக்கு மேலே வந்தது. ஹாலின் நடுவில் அளந்து ஒரு நாற்காலி போட்டேன். இரும்பு நாற்காலி இல்லை, மெத்தை வைத்த புது நாற்காலி. நல்ல சேலை கட்டிக்கொண்டேன். பஜ்ஜிக்கு மாவு கரைத்து வைத்தேன்.

அவர் வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அதன் முகத்தைத் தடவினார். "அவன்கிட்ட இருக்கிறதுக்கு அடுத்த மாடலு" என்றார். அந்தக் குரலை ஆறு வருஷம் கழித்து இந்த வீட்டில் கேட்டேன்.

"உக்காருங்க" என்று நடு நாற்காலியைக் காட்டினேன்.

"செத்த இரு, இந்தா வாரேன்" என்று, கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு டீகூடக் குடிக்காமல் ஓடினார். பஜ்ஜி மாவு நுரைத்துக்கொண்டிருக்கும்போதே திரும்பி வந்தார். கூடவே சிநேகிதர்.

"ஏலே, நீ உக்காரு" என்று சிநேகிதரைத் தோளைப் பிடித்து என் நடு நாற்காலியில் உட்காரவைத்தார். வீட்டுக்காரர் ஓரத்தில் இரும்பு நாற்காலியை விரித்துக்கொண்டார்.

இரண்டு மாதம் அப்படியே போனது. கணக்குப்படி பார்த்தால் எனக்கு வெற்றிதான். வீட்டுக்காரர் ஆறு மணிக்கு மேல் வீட்டை விட்டு நகரவில்லை. ஆனால் ஆறரைக்குச் சிநேகிதர் வந்துவிடுவார், "என்ன தங்கச்சி, நல்லாருக்கியா?" என்று கேட்டுவிட்டு நேரே நடுவில் போய் உட்காருவார். நான் டீ போடுவேன். அடுப்படிக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் படத்தின் பின்பக்கத்துச் சத்தம் மட்டும்தான் வரும். கதவு கிறீச்சிடும், காற்றடிக்கும், யாரோ நடந்துகொண்டே இருப்பார்கள். யார் நடக்கிறார்கள், எங்கே போகிறார்கள் என்று எனக்கு ஒரு படத்திலும் தெரிந்ததில்லை.

இந்த நேரத்தில் காய்கறி மார்க்கெட்டில் சிநேகிதரின் மனைவியைப் பார்த்தேன். தலை நிறையப் பூ, முகம் தெளிந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பத்தான் டீச்சர் எங்க வீடு வீடா இருக்கு. ஜன்னலத் தொறந்து வச்சிட்டுச் சாயங்காலம் செத்த நேரம் ஹால்லயே படுக்குறேன். அம்புட்டு நல்லாருக்கு. நீங்க நல்லாருக்கணும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என் சீட்டுப் பணத்தில் இந்த அம்மாள் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்திருக்கிறார். வாங்கப் போன கத்திரிக்காயை மறந்து வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

அன்று சாயங்காலம் ஆத்திரத்தில் வாயை விட்டேன். டீயை வைக்கும்போது வீட்டுக்காரரிடம், "இன்னிக்கு ஒருநா நீங்க நடுவுல உக்காந்து பாருங்களேன்" என்றேன்.

சிநேகிதர் பதறிப்போய் எழுந்தார். "ஆமா அப்பு, நீ வா, வந்து உக்காரு."

"ஏலே, உக்காருலே" என்று வீட்டுக்காரர் அவரை அமுக்கி உட்காரவைத்தார். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் இலையை நான் இழுத்துவிட்டதுபோல என்னைப் பார்த்தார். சிநேகிதர் போன பிறகு, "வீட்டுக்கு வந்த மனுசன எந்திரிக்கச் சொல்றியே, நீயெல்லாம் டீச்சரா?" என்று கத்தினார். நான் எழுந்திருக்கச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் அவருக்கும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது என்பதைக் கவனித்தேன். ஓரத்தில் உட்கார்ந்தபடி கழுத்தை நடுப்பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துக் கேட்பார். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துவார், சிநேகிதரின் முழங்காலில் இடிக்கும், திரும்பப் பழைய இடத்துக்கே போவார். கொஞ்ச நாளில் சொல்ல ஆரம்பித்தார்: "இதுல ஏதோ குறை இருக்கு. ஒரு பக்கமாத்தான் விழுகுது. ரீகண்டிஷன்னா இப்படித்தான். அவன் வீட்டுலதான் சத்தம் சரியா இருந்துச்சு."

ஒவ்வொரு வாயாக மாட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, கை கடுக்கத் தூக்கிப் பார்த்து வாங்கிய பெட்டி. குறை பெட்டியில் இல்லை, நாற்காலியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அங்கே அவர் விருந்தாளி, நடுவில் உட்காரலாம். இங்கே அவர் வீட்டுக்காரர், சாகும்வரைக்கும் ஓரம்தான். இதை அவர் வாயால் சொல்ல மாட்டார். ஒரு திங்கட்கிழமை டீயை இரண்டு மடக்கில் குடித்தார். "செத்த நேரம் போயிட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டினார்.

அந்த வாரம் முழுக்க நான் பெட்டியின் முகத்திலேயே விழிக்கவில்லை. சனிக்கிழமை கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். பாதி விலைக்குக் கேட்டாலும் சரி. நல்லபடியாக வேலை செய்கிறது என்று காட்டினால்தான் எடுத்துக்கொள்வார் என்பதால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர் போன பிறகு நானே போட்டுப் பார்த்தேன். சத்தத்தைச் சோதிப்பதற்கென்று பெட்டியோடு ஒரு டிஸ்க் தந்திருந்தார்கள், அதுவரைக்கும் பிரிக்காமல் கிடந்தது. ஐந்தும் பேசுகிறதா என்று தெரிய வேண்டுமானால் நடுவில் உட்கார வேண்டும். உட்கார்ந்தேன்.

மழை வந்தது. முதலில் முன்னால் ஒரு துளி, அப்புறம் வலது பக்கம் எங்கோ தகரத்தில் நாலைந்து. பிறகு பின்னாலிருந்து கிளம்பி என் தலைக்கு மேல் ஏறி நாலாபக்கமும் இறங்கியது. நான் நிஜமாகவே அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். நகராட்சிக் குழாயில் தண்ணீர் வந்து எத்தனையோ நாளாகியிருந்தது, அடுப்படியில் குடமெல்லாம் காலி. அந்த வீட்டுக்கு நடுவில் உட்கார்ந்து சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். படங்களில் வந்த மழையெல்லாம் அடுப்படிக்கு வடை பொரிகிற சத்தமாகத்தான் வந்து சேர்ந்திருந்தது. மழையில் இத்தனை தூரம், இத்தனை கிட்ட உண்டு என்று எனக்குத் தெரியாது.

அப்போதுதான் பொறாமை முழுசாக வந்தது. அதுவரைக்கும் பெட்டியின் மேல், சிநேகிதர் மேல், மெத்தையில் விழுந்த பள்ளத்தின் மேல், திறந்து வைத்த ஜன்னல் மேல் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. இப்போது அந்த மனிதர் மேலேயே பட்டேன். மானாவாரிக் காட்டில் மழைக்கு வானம் பார்த்து வளர்ந்தவர், ஆறு வருஷம் தினமும் இதற்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்துவிட்டு வந்து, சொன்னால் புரியாது என்றிருக்கிறார். ஒரே ஒரு நாள், நீயும் வந்து கேளு என்று கூப்பிடவில்லை.

டிஸ்க் முடிந்தது. திரும்பவும் முதலிலிருந்து போட்டேன்.

மழை பிடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம். மணி ஏழுகூட ஆகவில்லை.

"அங்க கரண்டு போயிருச்சு" என்றவர், உள்ளே சத்தம் கேட்டு வாசலிலேயே குரலைத் தாழ்த்தினார். "யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல."

உள்ளே வந்து என்னைப் பார்த்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். நான் எழுந்திருப்பேன் என்று கொஞ்ச நேரம் நின்றார்.

"செத்த எந்திரியேன். நானும் கேட்டுப் பாக்குறேன்."

"அந்தச் சேர்ல உக்காருங்க."

இரும்பு நாற்காலியை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். கழுத்தை என் பக்கமாகச் சாய்த்தார். ஒன்றும் விழவில்லை போலிருக்கிறது, நிமிர்ந்துகொண்டார். சும்மா இருக்க முடியாமல் பேச்சை ஆரம்பித்தார்.

"இன்னிக்கு ஆபீசுல ஒரு கெழவி வந்துச்சு. என்னையச் செத்துப்போனதா எழுதி வச்சிருக்கீங்களாமே, எந்தப் பய எழுதுனான்னு கேட்டு, கம்ப எடுத்து மேசையில ஒரு அடி..." கிழவியின் குரலிலேயே சொன்னார். ஆறு வருஷம் எந்தக் குரலுக்காகக் காத்துக்கிடந்தேனோ அதே குரல். நான் கேட்காமலே தானாக ஆரம்பித்திருக்கிறார்.

மழை இடது பக்கத்திலிருந்து எனக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போனது.

"பேசாம இருங்க" என்றேன். "அந்தப் பக்கம் போகுது."

பாதியில் நிறுத்திவிட்டார். பெட்டியைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, மூக்கு லேசாக விடைத்து, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு முகம். எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். ஆறு வருஷம் சாயங்காலந்தோறும் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இரக்கமே வரவில்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.